கந்தசஷ்டியும் இரண்டு பற்றரியும்

நான் முருகனை ஏமாற்றிவிட்டதாக என் கணவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது சுத்தப் பொய். விடுவேன் என்று முருகனிடம் சொன்னதை நான் விட்டேன். சொல்லாததை விடவில்லை, அவ்வளவுதான். ஆறு நாள் விரதம் பிடித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். இவருக்கு என்ன தெரியும், மத்தியானம் மூன்று தோசை சாப்பிட்ட மனிதருக்கு?

அந்த வருடம் அவருக்கு வேலை போயிருந்தது. பதினேழு வருடம் ஒரு களஞ்சியசாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். கம்பனி குயின்ஸ்லாந்துக்கு மாறியது, ஆட்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. மகள் மெல்பேர்னில் வேலை செய்கிறாள். ஆகவே மெரிலேண்ட்ஸ் வீட்டில் நாலு மாதமாக அவரும் நானும்தான். நான் காலையில் வெஸ்ட்மீட்டுக்கு, ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசைக்குப் போய்விடுவேன். அவர் வீட்டில் இருப்பார். களஞ்சியம் இல்லாத மனிதருக்கு என் குசினி களஞ்சியமாகிவிட்டது. வெந்தயப் போத்தலுக்கு லேபிள், சீரகப் போத்தலுக்கு லேபிள், கடைசியில் உப்புக்கும் லேபிள். இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறேன், உப்பை எனக்கு அடையாளம் தெரியாதாம். உடுப்புத் தோய்ப்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். காயப்போடும்போது கிளிப்புகளை நிறம் பார்த்துக் குத்தினார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் இருந்தது வேறு. செய்தி வாசிப்பவரின் கழுத்துப் பட்டியைப் பார்த்தே சிரிக்கிற மனிதர் அவர். முதல் நேர்முகத்தில் வேலை கிடைக்காமல் போனதோடு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வார். கதவுக்கு வெளியே நின்று கேட்க எனக்கு அழுகை வரும்.

கந்தசஷ்டி வாரத்தில்தான் இரண்டாவது நேர்முகம் வந்தது. செவ்வாய்க்கிழமை போக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வார்கள். ஞாயிறு காலை மேய்ஸ் ஹில் கோயிலில் காப்புக் கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். முருகா, இந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும், ஆறு நாளும் பாலும் பழமும்தான், அதோடு ஆறு நாளும் போனில் விளையாட மாட்டேன்.

பாலும் பழமும் எனக்குப் பெரிய காரியமில்லை. போன்தான் காரியம். கலர் கலரான மிட்டாய்களை மூன்று மூன்றாய்ச் சேர்த்து உடைக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதில் நான் ஊரறிந்த ஆள். காரில் திரும்பி வரும்போது விஷயத்தை அவருக்குச் சொன்னேன்.

"நீர் சாப்பாட்டை விட்டிடுவீர்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே. "அதை விடமாட்டீர்."

"விட்டுக் காட்டிறன் பாருங்கோ."

பின்னேரம் மூன்று மணிக்கே என் பெருவிரல் துடிக்கத் தொடங்கிவிட்டது. சும்மா இருந்தால் கை போனுக்குப் போகும் என்று, கால் உடைந்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எங்கள் தெருவில் அந்த வாரம் கவுன்சில் பழைய சாமான் அள்ளுகிற வாரம். எல்லா வீட்டு வாசலிலும் மெத்தை, மேசை, உடைந்த விசிறி என்று குவிந்து கிடக்கும். கதிரையை எங்கள் குவியலில் போட்டேன். பிறகு சும்மா, பக்கத்து வீட்டுக் குவியலையும் ஒரு பார்வை பார்த்தேன். பார்க்காத தமிழாள் இந்தத் தெருவில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஒரு விளக்குக் கூட்டுக்கு அடியில் அது கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் விளையாட்டு. சின்னத் திரை, நாலைந்து பொத்தான். மேலே ஒரு விசை. அதை இடப்பக்கம் தள்ளினால் தலைக்கவசம் போட்ட ஆட்கள் முட்டைப் பந்தோடு ஓடினார்கள். வலப்பக்கம் தள்ளினால் ஒருவன் உலக்கை மாதிரி ஒரு மட்டையோடு நின்றான். உள்ளே கிடந்த பழைய பற்றரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. அமத்தினேன். பீப் என்றது.

அது போன் இல்லை. யார் வந்து பார்த்தாலும் அது போன் இல்லை.

வெற்றிலை மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்கே மகளுக்கு வீடியோவில் எடுத்துக் காட்டினேன்.

"அது அமெரிக்கன் ஃபுட்போல், அம்மா. மற்றது பேஸ்போல். நோபடி பிளேஸ் தட் ஹியர்."

"எப்பிடி விளையாடுறது?"

"நோ ஐடியா. வை?"

"ஒண்டுமில்லை. அப்பாவுக்குச் சொல்லாதை."

ஆகவே நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மட்டைக்காரனைப் பார்த்து முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பந்தை அடித்தவுடன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான். எங்கள் ஊரில் கிரிக்கெட்டில் அப்படி எறிந்தால் கட்டி வைத்து உதைப்பார்கள். முட்டைப் பந்துதான் எனக்குச் சரிவந்தது. எதிரே வரிசையாக ஆட்கள் மறித்து நிற்க, நடுவால் புகுந்து ஓட வேண்டும். அட, இது நம்முடைய கிளித்தட்டு. கிளித்தட்டில் என்னைத் தொட்ட ஆள் பள்ளிக்கூடத்திலேயே இல்லை. தொட்டால் ஆள் அவுட், அவ்வளவுதான் சட்டம். ஆகவே யாராவது என் ஆளைப் பிடித்துவிட்டால் உடனே விளையாட்டை அணைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவேன்.

ஒரே ஒரு கரைச்சல், அதன் சத்தத்தைக் குறைக்க வழியில்லை. ஓடினால் பீப், பிடிபட்டால் செத்தவீட்டு ராகம். யோசித்து ஒரு வழி பிடித்தேன்.

"சஷ்டி முடியும் மட்டும் விரத உடுப்பை நானே தோய்க்கிறன்," என்று அவருக்குச் சொன்னேன். "நீங்கள் தோய்ச்சால் துடக்கு. நீங்கள் இன்டர்வியூவுக்குப் படியுங்கோ."

வேலையால் வந்ததும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். மெஷினைப் போடுவேன். அது கடகடவென்று ஓடும். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து விளையாடுவேன். ஆறு நாள் விரதத்துக்கு எத்தனை சேலைதான் தோய்ப்பது? இரண்டாம் நாளே மெஷினுக்குள் போட ஒன்றும் மிஞ்சவில்லை. சும்மா ஓடவிட்டேன். கோட்டுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது என் ஆள் பொத்தென்று விழுவான், எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் வரும். விளையாடி முடிந்ததும் அதைக் கிளிப்புக் கூடைக்கு அடியில் ஒளித்து வைப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவர் நேர்முகத்துக்குப் போய் வந்தார். "பறவாயில்லை," என்றார். அவருடைய வாயில் அது பெரிய சொல். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. வேலை கிட்ட வந்துவிட்டது, நான் முருகனுக்குச் சுத்துமாத்துக் காட்டி அதைக் கெடுத்துவிடப் போகிறேனோ? அன்று மாலை கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்கார அம்மாவிடம் மெல்லக் கதை கொடுத்தேன். ஒருவர் கோப்பியை விடுகிறேன் என்று விரதம் இருந்து, தேத்தண்ணி குடித்தால் பிழையா?

"காபின்னு சொன்னீங்கன்னா காபி மட்டும்தாங்க," என்றார் அந்த அம்மா. "நான் போன வருஷம் ஆறு நாளும் டீயிலயேதான் ஓட்டினேன்."

"முருகன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என் பையனுக்கு இங்கயே தங்கிக்க பிஆர் வந்துச்சே."

அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் புதன்கிழமை திரை மங்கத் தொடங்கியது. ஆட்கள் நிழலாகி, பிறகு நிழலும் இல்லை. பற்றரி செத்துவிட்டது. இது முருகன் காட்டும் சமிக்ஞை என்று எனக்கு விளங்கியது. கூடைக்குள் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நிறுத்திவிட்டேன் முருகா.

வியாழக்கிழமை கிளிப்பு எடுக்கத்தான் போனேன், சத்தியமாக. கை தானாகப் பொத்தானை அமத்தியது. திரை பளிச்சென்று வந்தது. பீப் சத்தம் முதல் நாளை விடப் பெரிதாகக் கேட்டது. எனக்கு உடம்பு புல்லரித்தது. செத்த பற்றரிக்கு யார் உயிர் கொடுப்பார்? கண்ணில் தண்ணீர் வழிய, மெஷினைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் விளையாடினேன்.

அன்று பின்னேரம் தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யவில்லை. அமத்தி அமத்திப் பார்த்தேன், அசையவில்லை. வெறும் வயிறு, களைப்பு, நாளைக்கு முடிவு வருமே என்ற பதற்றம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாலு மாசமாய் வீட்டில இருந்து நீங்கள் அமத்தின அமத்தில இதுவும் தேஞ்சுபோச்சு."

எழுந்து போய்க் கையால் சனலை மாற்றிவிட்டு வந்து இருந்தார். சொன்ன உடனேயே எனக்கு உறைத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை, என் குணம் அப்படி.

வெள்ளிக்கிழமை சூரன்போர். நான் வேலையால் வெள்ளென வந்து குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் பின்வளவில் உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசுவது யன்னலால் தெரிந்தது. "யெஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட்," என்றார். பிறகு "தாங்க் யூ" என்று இரண்டு தரம். போனைச் சட்டைப் பையில் போட்டார். கொடியில் வெறுமனே இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக நேராக்கினார். நான் அடுப்பை நிறுத்தினேன்.

உள்ளே வந்தார். "வேறை ஆளை எடுத்திட்டாங்களாம்," என்றார். "கோயிலுக்கு வெளிக்கிடும், சூரன் புறப்படப் போறான்."

எனக்குத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கூடைக்குள் இருந்து அதை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். "என்னாலதான்," என்றேன். குப்பையில் எடுத்தது, மகளிடம் கேட்டது, தேத்தண்ணிக் கதை, பற்றரி உயிர்த்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் அந்த விளையாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பற்றரி ஆர் போட்டது எண்டு நினைச்சீர்?"

"முருகன்," என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

அவருடைய வாய் ஒரு பக்கம் இழுபட்டது. பிறகு அவர் சிரித்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம்.

"திங்கக்கிழமை சேட்டுக் காயப்போடக் கிளிப்பு எடுக்கேக்கையே கண்டிட்டன். ஒவ்வொரு நாளும் மெஷின் ஓடுது, கொடியில ஒரு உடுப்பில்லை. எனக்கு விளங்காதே? புதன்கிழமை உம்மட சத்தம் நிண்டுபோச்சு. பிறகு பாத்தன், பற்றரி முடிஞ்சு கிடந்தது. ரிமோட்டில இருந்ததைக் கழட்டிப் போட்டன்."

ரிமோட். முந்தின நாள் நான் சொன்ன சொல் திரும்பி வந்து என் முகத்தில் அடித்தது. நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் எழுந்து போய்ச் சனல் மாற்றிய மனிதர்.

"ஏன் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீர் உள்ளுக்கிருந்து சிரிச்சுக்கொண்டிருந்தீர். இந்த வீட்டில வேறை ஆர் சிரிச்சது? அது நிக்கக் கூடாதெண்டு போட்டன்." விளையாட்டைக் கையில் எடுத்தார். "அப்ப முருகன் கணக்குக் கேட்டால் பாதி என்ர தலையில. நீர் தனிய அழவேண்டாம்."

நான் மூக்கைச் சீறினேன். அவர் விசையைத் தள்ளி முட்டைப் பந்தை எடுத்தார்.

"ஆனா நீர் விளையாடுறது முழுப் பிழை. பிடிபட்ட உடனே நிப்பாட்டிறீர். நான் நிப்பாட்டாமல் பாத்தனான். பிடிபட்டால் அவுட் இல்லையப்பா. விழுந்த இடத்தில இருந்து திரும்ப ஓடலாம். நாலு தரம் தாறாங்கள்." ஓடினார், விழுந்தார், செத்தவீட்டு ராகம் வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அந்த ஆள் விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றான். "எனக்கு இப்ப ரெண்டுதானே முடிஞ்சிருக்கு," என்றார், திரையைப் பார்த்தபடியே.

கோயிலுக்கு நாங்கள் போகும்போது சூரன் பாதி சண்டை முடித்துவிட்டான். யானைத் தலை விழுந்து சிங்கத் தலை வந்திருந்தது. சனமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நிற்க, இவர் என் காதுக்குள் குனிந்து, "பாரும், அவனுக்கும் நாலு தரம்," என்றார். கோயிலில் நின்று அப்படிச் சிரித்ததற்கு எனக்குத் தனியாகப் பாவம் எழுதியிருப்பார்கள்.

அந்த இரண்டு பற்றரியையும் திருப்பி ரிமோட்டில் போட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. புதுசு வாங்கவும் ஏனோ தோன்றவில்லை. தொலைக்காட்சியை எழுந்து போய்த்தான் மாற்றினோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு ஆட்டம், தோற்றவர் கோப்பை கழுவ வேண்டும். மூன்றாவது நேர்முகம் சரிவரவில்லை. நாலாவதும் சரிவரவில்லை. அன்றைக்கு நான் விளையாட்டை அவருடைய கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். அவர் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, ஐந்தாவது நேர்முகம் முடிந்து ஒரு கிழமைக்கு மேல் இருக்கும். நான் வேலையால் வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். ஒரு பெட்டி பற்றரியோடு வந்தார். ரிமோட்டைத் திறந்தார், இரண்டைப் போட்டார், மூடினார், அமத்தினார். தொலைக்காட்சி வந்தது. என்ன என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமையில இருந்து உடுப்பு நீர்தான் தோய்க்கோணும்," என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டேன். அழுகையும் வந்தது, ஆனால் என் வாய் சும்மா இருக்காதே.

"இது அஞ்சாவதெல்லோ. நாலோடை பந்து மற்றவனுக்குப் போகோணும்."

"ஒண்டு நோபோல்," என்றார். பிறகு ரிமோட்டை என் மடியில் வைத்தார். "மெஷினுக்குள்ள உடுப்பும் போடும், என்ன."