அம்மாவின் இடது கை

பேத்தியின் வயலின் பெட்டியைத் திறந்ததும் வில்லில் தேய்க்கும் பிசின் மணந்தது. உடனே நான் எழுபதுகளின் திருவண்ணாமலையில், எட்டு வயதில், அம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா முப்பத்தைந்து வயதில் வயலின் கற்கத் தொடங்கியிருந்தாள். இடது மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை வயலினின் கழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் விரல்கள் மேல் ஸ்தாயிக்கு ஏறவில்லை. "இந்த மாசத்துக்குள்ள கை சரியாவலன்னா விட்டுடுங்கம்மா" என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கை ஒட்டுச்சுன்னா கிச்சுகிச்சு மூட்டுடி. பாவம் பாக்காத."

தினமும் மாலையில் விரலை நீட்டிக்கொண்டு காத்திருப்பேன். உள்ளங்கை வயலினின் கழுத்தைத் தொட்டதும் மணிக்கட்டில் சுரண்டுவேன். அம்மா துள்ளிச் சிரிப்பாள், வில் கிறீச்சிடும். "வாசிக்கிறியா, சிரிக்கிறியா?" என்று அப்பாவும் சிரிப்பார்.

ஒரு நாள் காத்திருந்து காத்திருந்து என் கைதான் வலித்தது. அம்மாவின் உள்ளங்கை ஒட்டவே இல்லை. மணிக்கட்டு நேராக நிற்க, விரல்கள் மேல் ஷட்ஜம்வரை வழுக்கிக்கொண்டு போயின.

சனிக்கிழமை அதைக் கேட்ட வாத்தியார், "அடுத்த வாரம் வர்ணம் ஆரம்பிச்சிடலாம்மா" என்றார். வெளியே வந்ததும் அம்மா வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தேரடி வீதியில் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நானும் பின்னாலேயே ஓடினேன்.