சாவி சந்திரம்மாவிடம்

பூட்டிய பங்களாவின் அழைப்பு மணியை அழுத்திவிட்டுச் சந்திரம்மா காத்து நிற்கிறாள். உள்ளே மின்சாரக் குருவி கத்தி ஓய்கிறது. கதவு திறக்கவில்லை; திறக்க உள்ளே ஆளில்லை. அதன்பிறகே இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறாள். “அட்த்தவங்க ஊடு. கொரலு குடுக்காம நொழைஞ்சா மரியாதையா?”

ஆந்திர எல்லையோரம், வரதய்யபாளையத்துக்கு வெளியே, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் நிற்கும் அந்த மாடிவீட்டைக் கட்டியவன் சம்பத். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். பக்கத்தில் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் ஊரே டவுனாகிவிடும் என்று நம்பித் தூணும் பால்கனியுமாகக் கட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அவன் மனைவி காஞ்சனா, பால்கனியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். கடலைச் செடி. அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் கடலைச் செடி. பாயசத்தைக் குடித்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டாள். சீக்கிரமே காம்பவுண்டுச் சுவரில் ‘விற்பனைக்கு’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியாயிற்று. சாவி, எதிர்க் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த சந்திரம்மாவின் கைக்கு வந்தது.

பெருக்குவாள், துடைப்பாள், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். ஒரே சிக்கல், அவளுக்குப் பொய் வராது. சென்னை இன்ஜினியர் ஒருவர் குளியலறையை மெச்சியபோது, “மழ பேஞ்சா தவள வருதுங்க சார். ஆனா ஒண்ணும் பண்ணாது, அதும்பாட்டுக்குக் குந்திக்கினு இருக்கும்” என்றாள். அவர் அப்படியே படியிறங்கிவிட்டார்.

சம்பத் போனில் கத்தினான். “அக்கா, நீ வாயே தொறக்காத. இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு!” சரியென்று வாக்குக் கொடுத்தாள்.

அடுத்து புத்தூரிலிருந்து சிட்டிபாபுவும் அவர் மனைவி ருக்மணியும் வந்தார்கள். தண்ணீர் வருமா என்றார் அவர். தலையாட்டினாள். காற்று வருமா என்றார். ஆட்டினாள். ருக்மணிக்குத்தான் ஏதோ இடித்தது.

“கொத்த இல்லு, புத்தம் புதுசு... எந்துக்கு விக்கிறாங்க? தெய்யம், பேயி கீயி ஏதாச்சும் கீதா?”

சந்திரம்மா கொடுத்த வாக்கை மீறாதவள். ஆட்டினாள்.

ருக்மணி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் சத்தியவேடு பஸ் முழுக்கப் பேய் பங்களா பேச்சுதான். அதன்பின் வீடு பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. விடுமுறையில் வந்த சம்பத் தலையில் அடித்துக்கொண்டான்.

“நீயே மாமாவ கூட்டிக்கினு வந்து இங்க குடியிரு அக்கா. மனுசங்க இருந்தாத்தான் பேயி இல்லன்னு ஜனங்க நம்புவாங்க. வித்ததும் காலி பண்ணிடு.”

அப்படித்தான் சந்திரம்மாவும் அவள் கணவன் துலுக்காணமும் பங்களாவாசிகள் ஆனார்கள். துலுக்காணம் முதலில் கூச்சப்பட்டுக் கார் ஷெட்டில் படுத்தான். ஃபேன் பழகியபிறகு பெட்ரூமை விட்டு அவனைக் கிளப்புவதே பெரும்பாடு. “இன்னாடி இது, காத்து நம்மள தேடிக்கினு வருது!” என்று ஆச்சரியம் தீராமல் கிடந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலனியில் அவர்கள் வீட்டில் மழை என்றால் குண்டான், சொம்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு இரண்டு பேரும் ஒரு மூலையில் ஒண்ட வேண்டும். இங்கே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சந்திரம்மா ஜன்னலோரம் நின்று, மழையை முதன்முறையாக வேடிக்கை பார்த்தாள். குளியலறையில் தவளை இருந்தது. அவள் விரட்டவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம், மண் ரோட்டில் வெள்ளைக் கார் ஒன்று ஆடி ஆடி வந்தது.

“வாங்கறவங்கடி!” என்றான் துலுக்காணம், ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி. “இன்னா சொல்லப் போற?”

“நான் இன்னாத்த சொல்றது? பொய்யா சொல்ல முடியும்?”

மாடியேறினாள். பால்கனிக் கம்பியருகே போய் நின்றாள். கார் நின்று, கதவு திறந்து, வந்தவர்கள் வீட்டை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு நிதானமாகக் கொண்டையை அவிழ்த்து, கூந்தலை முகத்தின்மேல் பரப்பிக்கொண்டாள்.