ஒழுகாத மூலைக்கு ஒரு கமர்கட்டு

கப்பலேறி வந்த எனக்குக் காஜாங்கில் ரப்பர் வெட்டு சரிப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில் எஞ்சின்களுக்குக் கரி சுமக்க வந்து சேர்ந்தேன். கூலிகளுக்கான லயத்தில் ஓர் அறையில் மூன்று பேர்: நான், ஒரு சேலத்துக்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர். அத்தாப்பு ஓலைக் கூரை எங்கும் ஒழுகும். ஒரே ஒரு மூலை மட்டும் ஒழுகாது. அங்கே ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம். அந்த மூலை யாருக்கு என்ற சண்டை கைகலப்பு வரை போன பிறகு, எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்ணன் ஒரு வழி சொன்னார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு ஒரு கமர்கட்டு. தென்னை வெல்லத்தைப் பாகு காய்ச்சி அவரே நெல்லிக்காய் அளவுக்கு உருட்டித் தருவார். யாருடையது கடைசி வரை கரையாமல் இருக்கிறதோ, அந்த மாதம் மூலை அவருக்கு. கடிக்கக் கூடாது, வாயிலிருந்து எடுக்கக் கூடாது. அண்ணன் அடுப்படியில் படுப்பவர். அதனால் அவரே நடுவர்.

சேலத்துக்காரர் கமர்கட்டைக் கண்ணில் ஒற்றி, கிழக்கே பார்த்து வாயில் போட்டு, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொள்வார். கை கீழே இருந்தால் உடம்புச் சூடு வாய்க்கு ஏறிவிடுமாம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அறிவோடு செய்வதாக நினைப்பு. துண்டால் நாக்கைத் துடைத்து, அதில் ஒரு சிட்டிகை அரிசி மாவைத் தடவி, பிறகுதான் போடுவேன். எஞ்சின் ஊதும்போதெல்லாம் கன்னம் மாற்றுவேன். திருநெல்வேலிக்காரர் இது எதுவும் செய்ய மாட்டார். வாயில் போட்டதும் தூங்கிவிடுவார். முதல் இரண்டு மாதமும் மூலை அவருக்குத்தான்.

மூன்றாம் மாதம் எனக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. ஈரப் பாயில் படுத்துப் பத்து நாளாக இருமல். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. “இன்னொரு நாள் படுத்தா ஆள் கணக்குலேருந்து பேரை அடிச்சிடுவேன்” என்று எங்களிடம் வேலை வாங்கிய மண்டோர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சேலத்துக்காரரின் கழுத்தில் கொசு கடித்தது. அறியாமல் அடித்துவிட்டார். “கை எறங்கிருச்சு, இனி எதுக்கு” என்று கமர்கட்டைக் கடித்துத் தின்றார். எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்தினேன். கமர்கட்டு தொண்டைக்குள் போய்விட்டது.

நடுவர் தூங்குகிறவரிடம் குனிந்தார். “இங்கேயும் வாயி காலி லா.”

பார்த்தால், கமர்கட்டு மூலையில் அவர் பாயில் கிடந்தது. பாதிக்கு மேல் மீதம். அதற்குள் எறும்பு வந்துவிட்டது. அவரை உலுக்கி எழுப்பினோம்.

“வெளிய எடுத்துட்டீங்கண்ணே” என்றேன்.

“நான் எங்கடா எடுத்தேன்? அதுவா விழுந்துச்சு. ஒன்னுது எங்க?”

“வயித்துல.”

“என்னுது கண்ணு முன்னால இருக்கு. கரைஞ்சிருச்சா?”

நடுவர் தலையைச் சொறிந்தார். “எடுக்கல, கடிக்கல, கரையவுமில்ல. மூலை அவருக்குத்தான்.”

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இனிப்பைத் தேடி வந்த சிவப்பு எறும்புகளுக்குக் காய்ந்த இடமும் கிடைத்துவிட்டது. சாரை சாரையாக அந்த மூலைக்கே வந்தன. திருநெல்வேலிக்காரர் பாயை உதறினார், திருப்பிப் போட்டார், உட்கார்ந்தார், துள்ளி எழுந்தார். சாயங்காலம் என் பக்கம் வந்தார்.

“தம்பி, ஒனக்கு இருமல் வேற. நீயே அங்க படுத்துக்க.”

“தோத்தவனுக்கு எதுக்குண்ணே?”

“பெரியவன் சொன்னா கேளு” என்றார், தொடையைச் சொறிந்துகொண்டே.

மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் துடைத்து, சுற்றிலும் சாம்பல் போட்டுப் படுத்தேன். நாற்றத்தில் தலை வலித்தது. காதில் நாலைந்து கடி. ஆனால் முதுகு நனையவில்லை. அந்த வாரத்திலேயே இருமல் அடங்கியது. வேலைக்கு ஒரு நாளும் தவறவில்லை. பிற்பாடு கிள்ளான் பக்கம் போகலாம் என்று தோன்றியபோது, நானே மண்டோரிடம் போய் என் பேரை அடிக்கச் சொன்னேன்.