இரும்புக் கடைக்குப் போன அம்மன் கேட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்போது கோயில் கமிட்டியில் இருந்தார். நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். வாயைத் திறந்தால் சாமிக்கு எதிராகப் பேசியதாக ஆகிவிடுமோ என்று பயம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், விவரம் தெரியாத ஒரு பெண் என் நாத்தனாரைப் பற்றி, "அம்மன் கேட்டையே திருடினவங்க" என்று சொன்னாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன். பயம் அங்கேயே போய்விட்டது.

என் வீட்டுக்காரரின் அக்காதான் அந்த நாத்தனார். அரவேணு பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கணவருக்குப் பார்வை மங்கியதும் அந்த வேலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டவர். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. அட்வான்ஸைக் கையால் தொடவே மாட்டார். வேலை கொடுப்பவரைக் குன்னூர் இரும்புக் கடைக்குக் கூட்டிப் போவார். எடை போடுவதை அவரே பார்க்க வேண்டும், பணத்தை அவரே கட்ட வேண்டும், பில்லும் அவர் பெயரில்தான். "இரும்பு உங்களுது, வேலை என்னுது. அளவுக்கு அறுத்துப் போட்ட கம்பி வேற யாருக்குங்க ஆகும்?" என்பார். கூலியில் விட்டுக்கொடுத்தது உண்டு. இரும்பில் யாருக்கும் விட்டதில்லை.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ஃபேக்டரியில் இலைக்குப் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சிலர் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். எந்தப் பேச்சும் "இலைக்காசு வரட்டும்" என்றுதான் முடியும். அந்தச் சமயம் பார்த்து, விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்க வந்த கரடி கோயிலின் மரக்கதவை உடைத்துவிட்டது. பண்டிகைக்குள் இரும்புக் கேட் வேண்டும் என்று கமிட்டித் தலைவர் நாத்தனாரின் பட்டறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"குன்னூருக்கு எப்பங்க போலாம்?" என்றார் நாத்தனார்.

"சாமி காரியத்துக்குமா அட்வான்ஸ் கேப்பீங்க? இலைக்காசு வந்ததும் மொத்தமாக் குடுத்துடறமுங்க."

"கூலி வேண்டாமுங்க, அது என் காணிக்கை. இரும்பை மட்டும் வாங்கிப் போட்டுருங்க."

"அம்மனையே நம்ப மாட்டீங்களாக்கும்?"

"அம்மன் வந்து கேட்டா நாளைக்கே செய்யறேனுங்க. இப்பக் கேக்கறது நீங்கதானுங்களே."

தலைவர் முகம் கறுத்துப் போயிற்று. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் நாத்தனாருக்கு வேலை கொடுக்கவில்லை. கமிட்டி, குன்னூரில் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த ஒரு வெல்டரைப் பிடித்தது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவர் தன் பெயரில் கடனுக்கு இரும்பு எடுத்து, இரண்டு மயிலும் நடுவில் அம்மன் பெயருமாக அருமையான கேட் செய்து மாட்டினார். பண்டிகை வந்தது. மேளக்காரருக்கு முன்பணம் போயிற்று, சீரியல் லைட்டுக்கும் போயிற்று. கேட் செய்தவருக்கு மட்டும் இலைக்காசு வர வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் நாத்தனாரிடமே வந்தார், தன் வெல்டிங் மிஷினை விலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொண்டு. இரும்புக் கடனை அடைக்காவிட்டால் கடைக்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். நாத்தனார் கேட்டு முடித்ததும் பட்டறையைப் பூட்டினார். ஒரு லோடு ஆட்டோ பிடித்து, அவரையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தார். பூசை அப்போதுதான் முடிந்திருந்தது; தலைவரும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார்கள். நான் எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றிருந்தேன். நாத்தனார் கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"தூக்கு தம்பி," என்றார்.

"பாவமில்லீங்களாக்கா?"

"உன் மிஷினைத் தூக்கிட்டுப் போனா புண்ணியமா?"

அவர் ஒரு பக்கம் பிடித்தார், நாத்தனார் மறுபக்கம். கேட் கீலை விட்டு எழும்பவில்லை. நாத்தனார் என்னைக் கூப்பிடவில்லை. நானே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன்.

"ஏய், நீ என்ன பண்றே?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"கை சும்மாதானுங்க இருக்குது," என்றேன்.

"அம்மன் கண்ணைக் குத்தீரும்!" என்றார் தலைவர்.

"அது பாத்துட்டுத்தானுங்க இருக்குது," என்றார் நாத்தனார், மூச்சு வாங்க.

கேட்டை இரும்புக் கடையில் ஈடாக நிறுத்தினோம். மிஷின் தப்பியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும், கடை வாசலில் அம்மன் பெயர் ரோட்டைப் பார்த்து நிற்பதைக் கண்டார்கள். விசாரித்தார்கள். அடுத்த பண்டிகை வரை அம்மன் கதவில்லாமல் இருந்தாள். கரடி இரண்டொரு முறை வந்து எண்ணெய் குடித்துவிட்டுப் போயிற்று. கும்பிட வந்தவர்கள் ஒருவரும் குறையவில்லை. பிறகு கமிட்டி முழுப் பணமும் கட்டிக் கேட்டை மீட்டு வந்தது. இலை விலை அப்போதும் ஏறவில்லை. அது இலைக்காசு இல்லை, வெட்கத்தில் வந்த காசு.

நாத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று அந்தக் கேட்டில் 'உபயம்' என்று போட்டுத் தலைவர் பெயர் பெயிண்டில் பளபளக்கிறது. வெல்டர் பெயரும் இல்லை, நாத்தனார் பெயரும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை அதைத் தள்ளித் திறந்துகொண்டுதான் உள்ளே போகிறேன். அம்மன் என் கண்ணை ஒன்றும் செய்யவில்லை.

படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யாரும் திருடவில்லை. பட்டப்பகலில், கும்பிட்டுவிட்டு, தலைவர் பார்க்கப் பார்க்கத் தூக்கினோம். மூன்று பேர் தூக்கினோம். மூன்றாவது ஆள் நான். சொல்லும்போது என்னை விட்டுவிடாதீர்கள்.