பின்னால் எத்தனை விரல்?

“பின்னால எத்தனை விரல்?”

குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும் என்னிடம்தான் கேள்வி. நான் திரும்புவதற்குள் அண்ணி கையை மடக்கிவிடுவார். “இப்பத் திரும்பி என்ன பிரயோஜனம் தம்பி? பந்து கால்ல வந்து சேர்றதுக்குள்ள பார்த்திருக்கணும்.” என் காலில் பந்து பட்டு வருடக்கணக்காகிறது என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது.

பகலில் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மாலையில் மருத்துவமனை ஊழியர் பெண்களுக்குக் கால்பந்து. இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான். “வண்டியில கண்ணாடி இருக்கு. மைதானத்துல கழுத்துதான் கண்ணாடி.” பந்து உருண்டு வரும்போது ஆட்டக்காரியின் முதுகுப்பக்கம் நின்று விரல் காட்டுவார், எண்ணிச் சொன்ன பிறகுதான் பந்தைத் தொடலாம். வீட்டில் நாற்காலியில் உட்காருமுன்கூட இரண்டு தோளுக்கு மேலாகவும் ஒரு பார்வை உண்டு. “முதுகுலயும் கண்ணோட பொறந்தவடா இவ. ஒரு பிஸ்கட்டை ஒளிச்சுத் தின்ன முடியுதா?” என்பது சர்க்கரைக்காரரான என் அண்ணனின் புலம்பல்.

எதைச் செய்யக் கூடாது என்று அண்ணி யாருக்கும் சொல்வதில்லை. “மேல அடிக்காதன்னு சொல்லிப் பாருங்க, மனசு மேலயேதான் பார்க்கும். எங்க போகணுமோ அதைச் சொல்லணும்.”

மாத்திரையிடம் மட்டும் இது பலிக்காமல் இருந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காரும் பெண்ணுக்கு அணியினர் வைத்த பெயர் அது. போன வருட இறுதிப் போட்டியில் அவள் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போயிற்று. கோப்பையும் கூடவே போயிற்று. “இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா பூட்ஸைக் கழட்டிப் போட்டுடுவேன்க்கா” என்று சொல்லிவிட்டாள். அண்ணி வாதாடவில்லை. சாமான் அறையில், பந்தே இல்லாமல், அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

“புல்லு ஈரமா இருக்கா? யாரு கத்துறாங்க? மேல போயிடுச்சா? போகட்டும். திரும்ப வை. இப்ப எந்த மூலை?”

பயிற்சி நாளெல்லாம் இதே கூத்து. மூலையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகொரு நாள், கண்மூடி உட்கார்ந்திருந்த மாத்திரையின் வலது கால் தானாக அசைந்தது. இப்படி ஒருவர் எனக்கு அண்ணியாக வாய்த்ததில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த வருட இறுதிப் போட்டியும் பெனால்டியில் வந்து நின்றது. கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி உதைக்கு மாத்திரையே கையைத் தூக்கினாள். பந்தை வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். அண்ணியிடம் ஏதோ சொல்லலாமென்று திரும்பினால், மனுஷி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்!

வலை குலுங்கியது. ஒரே கூச்சல். மாத்திரை யார் கையிலும் சிக்காமல் நேரே எங்கள் பக்கம் ஓடிவந்தாள். அண்ணியின் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்று கையை நீட்டினாள்.

“பின்னால எத்தனை விரல்க்கா?”

அண்ணி திரும்பினார். எண்ணவில்லை. அந்த விரல்களை அப்படியே சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.