அண்ணன் எழுதாமல் விட்ட ‘டு’

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் விட்டார்கள். தங்கை என்பதோடு, ஒரே ஆலையில் அவருடன் வேலை பார்த்தவள் என்பதும் காரணம். மிகைப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். கடைசிவரை வைண்டிங் பிரிவுதான். சிறு பாபின்களில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றும் இடம் அது. வழியில் நூல் விலகாமல் பிடித்துக்கொடுப்பது கைடு என்னும் சிறு பீங்கான் வளையம். நூல் ஓடி ஓடிப் பீங்கானிலேயே கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டில் உரசினால் நூல் பிசிறடிக்கும், அறுந்துபோகும். அண்ணன் தினமும் பஞ்சுத் தூசியைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கைடிலும் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் மாட்டினால் மாற்றியே ஆகவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

பொறுமைசாலி, நாணயமானவர். எழுத்தில் மட்டும் மகா கஞ்சர். ஷிப்ட் நோட்டில் ஆயிலுக்கு ‘ஆ’, பெல்ட்டுக்கு ‘பெ’, கைடுக்கு ‘கை’. கூட இருந்த ஃபிட்டர்களுக்குப் புரியும். கோன் சுற்றும் நாங்கள் அந்த நோட்டைத் தொட்டதில்லை.

ஒரு நாள் என் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, ‘ஆறாம் மெஷின், கை சரியில்லை, மாற்றவும்’ என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதைப் படித்ததும் நோட்டை என்னிடம் காட்டி, “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றார். என் கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்த காலம். நான் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

“கூடப் பொறந்தவ கையே சரியில்லன்னு எழுதிட்டியே, உனக்கு நான் இன்னா பண்ணேன்?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “அடப்பாவமே, அது கைடு! உன் கை இல்ல” என்று பாதிச் சோற்றில் எழுந்தார்.

என்னையும் அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். ஆறாம் மெஷினின் கைடைக் கழற்றி, சூப்பர்வைசரின் நகத்தையே அதில் ஓட்டவைத்தார்.

“மாட்டுதுங்களா சார்? தேஞ்சது இதுங்க. எழுத்த கம்மி பண்ணது என் தப்பு. வேணும்னா என்னை நிறுத்துங்க. தங்கச்சி கை நல்ல கைங்க.”

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு ‘கைடு’ என்பதை மட்டும் முழுதாக எழுதினார். மற்றவை பழையபடி ‘ஆ’, ‘பெ’தான்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது; வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்காட்டுவார். கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த வைண்டிங் பிரிவு நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த கருணாபுரம் பிள்ளைகளுக்கும், வந்து ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நாள் காலை, நோட்டை வாங்கி ‘கை’ என்று எழுதினார். ஆலை ஞாபகம் போலும் என்று, ‘டு’ எழுதுவதற்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகுதான் புரிந்து, கையைக் கொடுத்தேன்.