பாதி வரைந்த பாலம்

நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு அரைகுறைப் படங்களையும் அனுப்பச் சொல்லி நச்சரித்த நண்பர்களே, இன்று காலை நடந்ததைக் கேளுங்கள்.

குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைப் பாதி வரைந்துவிட்டுச் சங்ககிரி பஸ்ஸில் ஏறினேன். நோட்டில் இருந்தவை வெறும் தூண்கள். எங்கே எவ்வளவு நிழல் என்று நினைவு வைக்க, ஒவ்வொரு தூணிலும் ஓர் எண்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, யுத்த காலத்துல பாலத்தை அளந்து எழுதி யாருக்குங்க குடுக்கப் போறீங்க?”

இத்தனை மரியாதையாகக் கேட்டதும் நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“படமுங்க. இன்னும் முடிக்கலீங்க.”

“அப்ப முடிங்க. சங்ககிரி போறதுக்குள்ள படமாயிருச்சுன்னா ஊட்டுக்குப் போங்க. இல்லீன்னா என்ற கூட ஸ்டேசனுக்கு வாங்க.”

எண்களின் மேல் நிழலைப் பூசினேன். பிறகு ஆற்றுத் தண்ணீர், துணி துவைக்கும் பெண், கடைசியில் ஒரு மாடு.

சங்ககிரியில் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“மாட்டுக்கு ஏனுங்க காலு இப்பிடிக் கோணிக் கெடக்குது?”

“பயத்துலீங்க.”

நோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

வரையும்போது என் கை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டீர்களே, அந்த மாட்டின் கால்களைப் பாருங்கள். படத்தை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உங்கள் அபிப்பிராயத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பாலத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து யாரும் எதுவும் எழுத வேண்டாம்.